கொல்லையில் நாலு கோழி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு கிராமத்து வீட்டின் பின்கட்டில் பன்னிரண்டு ஆண்டுகளாக நாட்டுக்கோழி வளர்த்துவருகிறேன். இடையிடையே வாத்து, முயல், இரண்டு வெள்ளாடு என்றும் கைவைத்துப் பார்த்திருக்கிறேன். முட்டை வாங்க வருகிறவர்களும், வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பலாமா என்று யோசிக்கிறவர்களும் கேட்ட கேள்விகள்தான் இவை. பண்ணை வைத்து ஆயிரக்கணக்கில் வளர்ப்பது வேறு தொழில். அதைப் பற்றி இங்கே ஒன்றும் இல்லை.

எத்தனை கோழியில் தொடங்கலாம்?

நாலு பெட்டை, ஒரு சேவல். அதற்கு மேல் வேண்டாம். முதல் ஆண்டில் நீங்கள் வளர்ப்பது கோழியை அல்ல, உங்கள் பழக்கத்தை: காலையில் திறந்துவிடுவது, மாலையில் எண்ணி அடைப்பது, தண்ணீர் மாற்றுவது. இது கைவந்துவிட்டால் நாலு நாற்பதாவது பெரிய காரியமில்லை.

எங்கே வாங்குவது? சந்தையில் வாங்கலாமா?

வாங்காதீர்கள். வாரச் சந்தைக்குக் கோழி வருவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, விற்கிறவருக்குப் பணமுடை. மற்றொன்று, அவர் வீட்டில் இரண்டு கோழி செத்துவிட்டது. மீதியைக் காசாக்கிவிடலாம் என்று கொண்டுவந்திருக்கிறார். எது என்று கோழியின் முகத்தில் எழுதியிருக்காது. நான் தொடங்கிய ஆண்டில் சந்தையில் ஆறு வெடைக்கோழி வாங்கிவந்து, ஏற்கெனவே இருந்தவற்றோடு அன்றே சேர்த்து அடைத்தேன். ஒரு வாரம் முடிவதற்குள் வந்ததும் போயிற்று, இருந்ததும் போயிற்று.

அக்கம்பக்கத்தில் நன்றாக வளர்க்கிற வீட்டில், முட்டைக்கு வரப்போகிற ஐந்து மாத வெடைக்கோழியாக வாங்குங்கள். எங்கிருந்து வந்தாலும் இரண்டு வாரம் தனியாகக் கட்டிவைத்த பிறகே மற்றவற்றோடு விடவேண்டும்.

எந்த இனம் நல்லது?

எதற்காக வளர்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. குஞ்சு பொரித்துப் பெருக்க வேண்டுமானால் சிறுவிடைக்கு இணை இல்லை. உடம்பு சிறியது, பெட்டை ஒரு கிலோவைத் தாண்டிச் சற்றே நிற்கும். ஆனால் தாய்மை அதிகம். பருந்து நிழல் தரையில் விழுந்தாலே குஞ்சுகளை இறக்கைக்குள் இழுத்துக்கொள்ளும். பெருவிடை, அசில் வகைகள் எடை கூடியவை, சண்டைக்குணமும் கூடியவை. இரண்டு அசில் சேவல்களை ஒரே கொல்லையில் விட்டுவிட்டு வேலைக்குப் போகமுடியாது.

முட்டைதான் முக்கியம் என்றால் அரசு ஆராய்ச்சி நிலையங்கள் உருவாக்கிய ரகங்கள் இருக்கின்றன. ஐதராபாத் கோழியின ஆராய்ச்சி நிறுவனத்தின் வனராஜா, கிராமப்பிரியா, நம்முடைய கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் நந்தனம் கோழி, நாமக்கல் கோழி ஆகியவை அவற்றில் சில. நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை இடும். கிராமப்பிரியா அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இடும். ஆனால் இந்த ரகங்கள் பெரும்பாலும் அடைக்கு உட்காராது. முட்டை கிடைக்கும், அடுத்த தலைமுறைக்கு மறுபடியும் குஞ்சு வாங்கத்தான் வேண்டும்.

கடக்நாத் பற்றித் தனியாகக் கேட்கிறார்கள். மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதிக் கோழி. 2018-ல் புவிசார் குறியீடு பெற்றது. தோல், சதை, எலும்பு எல்லாம் கறுப்பாக இருப்பதற்கு நிறமிதான் காரணம். அதைச் சாப்பிட்டால் தீராத நோயெல்லாம் தீரும் என்று சொல்லி விற்கிறவரிடம் நான் முட்டைகூட வாங்கமாட்டேன். பிடித்திருந்தால் அழகுக்கு வளர்க்கலாம்.

சேவல் இல்லாமல் முட்டை இடுமா?

இடும். குஞ்சு பொரிக்காது, அவ்வளவுதான். நகரத்தில் இருப்பவர்களுக்கு இது வசதி. அதிகாலை நாலரைக்குக் கூவுவது சேவல்தானே தவிர பெட்டை அல்ல.

கூடு எப்படி இருக்கவேண்டும்?

பகலில் கோழிக்குக் கூடு தேவையில்லை. இரவுக்குத்தான் வேண்டும். ஒரு கோழிக்கு ஒரு சதுர அடி போதும். தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் இருந்தால் ஈரம் ஏறாது, எச்சம் கீழே விழும். உள்ளே உட்கார ஒரு குறுக்குக்கம்பு வையுங்கள். மூங்கிலோ பழைய கதவுப் பலகையோ எதுவானாலும் சரி. ஆனால் மேற்கூரைக்குக் கீழே காற்றுப் போக நாலு விரல் இடைவெளி விடுங்கள். குளிருமே என்று சாக்கைச் சுற்றி மூடிவைக்கிறவர்கள் உண்டு. உள்ளே எச்சத்தின் காரநெடி ஏறி, காலையில் கோழிகள் கண்ணில் நீர்வடிந்து, மூக்கடைத்து வெளியே வரும்.

எதிரிகள் இரவில் ஒரு வகை, பகலில் ஒரு வகை. இரவில் மரநாய், பூனை, பெருச்சாளி. மரநாய் தலையை மட்டும் நுழைக்க முடிந்தால் போதும், உடம்பு தானாக வந்துவிடும். ஆகவே கம்பிவலையின் கண் அரை அங்குலத்துக்கு மேல் இருக்கக்கூடாது. கொக்கியைத் தட்டித் திறக்கக்கூடிய தாழ்ப்பாள் வேண்டாம். சுற்றிக் கட்டும் கம்பி நல்லது. பகலில் கீரியும் பருந்தும் காகமும். குஞ்சுகளைப் பெரும்பாலும் எடுப்பது பருந்து என்று எல்லோரும் சொல்வார்கள். எங்கள் வீட்டுக் கணக்கில் காகம்தான் அதிகம் எடுத்தது.

சிந்திய தானியத்துக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். தீவனத்தை மூடியுள்ள டிரம்மில் வைத்தால் இந்த வரிசையின் முதல் கண்ணியே அறுந்துவிடும்.

பஞ்சாரம் எதற்கு?

குஞ்சுகளோடு தாயைக் கவிழ்த்துவைக்க. மூங்கில் பத்தையால் குவிமாடம்போல் முடைந்த கூடை. எங்கள் பக்கம் கொடாப்பு என்றும் சொல்வார்கள். முதல் பத்து நாள் தாயும் குஞ்சும் அதற்குள்ளேயே இருக்கவேண்டும். மேலே ஒரு கனமான கல்லை வைக்க மறக்காதீர்கள். நாய் மூக்கால் நிமிர்த்திவிடும்.

என்ன தீனி போடுவது? கடைத் தீவனம் அவசியமா?

மேய்கிற கோழி தனக்கு வேண்டியதில் பாதிக்கு மேல் தானே தேடிக்கொள்ளும். மாலையில் அடைக்கும் நேரத்தில் ஒரு கோழிக்கு ஒரு கைப்பிடி, ஏறத்தாழ 30 முதல் 40 கிராம், தானியம் போட்டால் போதும். கம்பு, உடைத்த மக்காச்சோளம், குருணை, கேழ்வரகு என்று வீட்டில் எது மலிவோ அது. மாலையில் போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. காலையிலேயே வயிறு நிறைந்தால் கோழி மேயப் போகாமல் அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருக்கும். மாலையில் போட்டால் அந்த நேரத்துக்கு ஊர் சுற்றின கோழியெல்லாம் வந்து சேரும். கூட்டில் எண்ணி அடைத்துவிடலாம்.

தானியத்தில் குறைவாக இருப்பது புரதம். கடலைப் புண்ணாக்கு, கருவாட்டுத் தூள், தண்ணீரில் மிதந்து வளரும் அசோலா என்ற பாசி போன்ற செடி, முருங்கைக்கீரை, அகத்திக்கீரை இவற்றில் ஏதாவது வேண்டும். முட்டையிடும் கோழிக்குக் கூடவே சுண்ணாம்புச்சத்து: கிளிஞ்சலை இடித்துப் போடலாம், அல்லது வீட்டு முட்டை ஓட்டைக் காயவைத்து நொறுக்கிப் போடலாம். ஓட்டை முழுசாகப் போடவேண்டாம். முட்டை உருவம் பழகி, தன் முட்டையையே கொத்தத் தொடங்கிவிடும்.

ஒன்றில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. பூஞ்சணம் பிடித்த தானியத்தையும் புண்ணாக்கையும் 'கோழிக்குத்தானே' என்று போடாதீர்கள். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேல் வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. தேடிப்போனபோது தீவனத்தில் கலந்த கடலைப் புண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சையின் நச்சுதான் என்று தெரிந்தது. அஃப்லாடாக்சின் என்ற பெயரே அதற்குப் பிறகு வந்ததுதான்.

கரையான் பிடித்துப் போடுவது எப்படி?

இதைச் சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி, ஏனென்றால் செலவு ஒன்றுமில்லை. ஒரு பழைய மண்கலயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காய்ந்த சாணி வறட்டி, கிழிந்த சாக்கு, பனையோலைத் துண்டு, மட்டை, எது இருக்கிறதோ அதை உள்ளே திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடுகிற இடத்தில் மாலையில் கவிழ்த்துவைத்துவிடுங்கள். ஈரம் சொட்டக்கூடாது, நமுத்திருந்தால் போதும். விடிந்ததும் கலயத்தைத் தூக்கினால் உள்ளே வெள்ளையாக அப்பியிருக்கும். வெயில் ஏறுவதற்குள் கொண்டுபோய்க் குஞ்சுகளுக்கு முன்னால் தட்டவேண்டும். தாய் 'கொக் கொக்' என்று கூப்பிடுகிற கூப்பாட்டிலேயே அது என்ன விருந்து என்று தெரியும். இரண்டு மாதக் குஞ்சுகளில் கரையான் தின்று வளர்ந்ததையும் வெறும் குருணையில் வளர்ந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் ஒரே வயது என்று நம்பமாட்டீர்கள்.

வீட்டுச் சுவரிலிருந்து தள்ளியே வையுங்கள். கரையானை நாமே வீட்டுக்கு அழைத்துவரக்கூடாது.

அவயம் வைப்பது, அதாவது அடைகாக்க முட்டை வைப்பது எப்படி?

கோழி பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டபின் கூட்டைவிட்டு எழாமல் உட்கார்ந்துகொள்ளும். கிட்டே போனால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு சீறும். அதுதான் அடைக்கு வந்த அடையாளம். அகலமான ஒரு கூடையில் மணல் கொட்டி, மேலே வைக்கோலோ உமியோ பரப்பி, நடுவில் சற்றுக் குழிவாக்குங்கள். கோழியின் உடம்புக்கு அடங்குகிற அளவு முட்டை வையுங்கள். சிறுவிடைக்குப் பத்து, பன்னிரண்டு. பெரிய கோழிக்குப் பதினைந்து. ஆசைப்பட்டு இருபது வைத்தால் விளிம்பில் இருப்பது குளிர்ந்து, அது உள்ளே போகும்போது நல்லது வெளியே வந்து, எல்லாமே கெடும்.

வைக்கிற முட்டை ஒரு வாரத்துக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது. சித்திரை, வைகாசி வெயிலில் மூன்று நான்கு நாளே அதிகம். அதுவரை நிழலான இடத்தில், ஈர மணல் போட்ட மண்சட்டியின்மேல் கூர்முனை கீழாக அடுக்கிவைக்கலாம். கழுவாதீர்கள். ஓட்டின்மேல் இருக்கிற மெல்லிய பூச்சு போய்விட்டால் கிருமி உள்ளே நுழையும்.

ஏழாம் நாள் இரவு, இருட்டறையில் டார்ச் வெளிச்சத்தின்மேல் முட்டையைப் பிடித்துப் பாருங்கள். சிலந்தி காலை விரித்ததுபோல் சிவப்பு நரம்பு ஓடினால் கரு பிடித்திருக்கிறது. வெறும் மஞ்சளாகத் தெளிவாக இருந்தால் கூமுட்டை, எடுத்துவிடலாம். பதினெட்டாம் நாளுக்குப் பிறகு முட்டையைத் தொடாதீர்கள். இருபத்தோராம் நாள் பொரிக்கும். ஓடு உடைத்து வருவதற்குப் பல மணிநேரம் ஆகும். உதவுகிறேன் என்று ஓட்டை உரித்தால் குஞ்சின் இரத்தக்குழாய் அறுந்துவிடும்.

அடைக்கோழி நாளைக்கு ஒருமுறை, கால் மணி, இருபது நிமிடம் எழுந்துவரும். கூடைக்குப் பக்கத்திலேயே கம்பும் தண்ணீரும், புரளச் சாம்பலும் வையுங்கள். வேப்பிலையைக் கூடைக்குள் போட்டுவைத்தால் பேன், செள் குறையும். அடைக்கோழியின்மேல் இது ஏறிவிட்டால் அது பாதியிலேயே எழுந்து ஓடிவிடும். பெரும்பாலும் நாம் கோழியைத்தான் குறை சொல்வோம்.

இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடுமாமே? இரும்புத் துண்டு வைக்கவேண்டுமா?

இரும்பும் அடுப்புக்கரியும் காய்ந்த மிளகாயும் அவயக் கூடையில் வைப்பது என் பாட்டி காலத்திலிருந்து நடக்கிறது. வைப்பதால் கெடுதல் ஒன்றுமில்லை, நானும் வைக்கிறேன். ஆனால் கோடை மழைக்காலத்தில் முட்டை கெடுவதற்கு வேறு காரணங்களும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. அவயம் வைப்பதற்கு முன்பே வெயிலில் முட்டை கெட்டிருக்கலாம், இடிச் சத்தத்தில் மிரண்டு கோழி வெகுநேரம் எழுந்து நின்றிருக்கலாம், கூரை ஒழுகியிருக்கலாம். இரும்பு வைத்த கையோடு கூரையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பொரிப்பது பத்துப் பன்னிரண்டு. பெரிதாவது மூன்று நான்கு. ஏன்?

கொல்லைக் கோழியின் இலாபமும் நட்டமும் இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கோழி ஆண்டில் மூன்று முறை அடைக்கு உட்கார்ந்து, முறைக்குப் பத்துக் குஞ்சு எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முப்பது குஞ்சு. அதில் பத்து நின்றால் தீவனச் செலவுக்குச் சரியாகப் போகும். இருபது நின்றால் கையில் காசு. கூடுதலாக முட்டை இடுகிற ரகத்தைத் தேடி அலைவதைவிட இருக்கிற குஞ்சைக் காப்பாற்றுவது எளிது, மலிவும்கூட.

முதல் மூன்று வாரம்தான் கண்டம். குஞ்சு சாவது பெரும்பாலும் குளிரில், ஈரத்தில், நீர்த்தொட்டியில் மூழ்கி. தண்ணீரை ஆழமில்லாத தட்டில் வைத்து நடுவில் கூழாங்கற்களைப் போட்டுவிடுங்கள். மழைநாளில் தாயோடு வெளியே விடாதீர்கள். தாய் நனைந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது, பின்னால் ஓடுகிற குஞ்சுக்கு அன்றே சளி பிடிக்கும்.

தாயில்லாமல் வளர்ப்பதானால் செயற்கை வெப்பம் வேண்டும். முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். குஞ்சுக்கு இரண்டு வாட் என்ற கணக்கில் குண்டு பல்பு தொங்கவிடுவார்கள். எல்.இ.டி. பல்பை மாட்டிவிட்டு 'வெளிச்சம் நன்றாகத்தானே இருக்கிறது, ஏன் சாகிறது' என்று என்னிடம் கேட்டவர்கள் மூன்று பேர். அது வெளிச்சம் தரும், சூடு தராது. வெப்பமானி இல்லாவிட்டால் குஞ்சுகளையே பாருங்கள்: பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக மொய்த்தால் குளிர்கிறது; ஓரத்தில் ஒதுங்கி வாய்பிளந்தால் சூடு அதிகம்; ஆங்காங்கே பரவிக் கிடந்தால் சரி.

வெள்ளைக் கழிச்சல் வந்தால் என்ன மருந்து?

மருந்து இல்லை. தடுப்பூசி மட்டும்தான் உண்டு. இதை ஏற்றுக்கொள்ளத்தான் பலருக்கும் இரண்டு மூன்று முறை கூண்டு காலியாகவேண்டியிருக்கிறது.

இது வைரஸ் நோய். 1920களின் பிற்பகுதியில் குமாவுன் மலைப்பகுதியில் உள்ள ராணிகேத்தில் கண்டறியப்பட்டதால் நம் நாட்டில் இராணிக்கெட் என்று பெயர். வெளிநாடுகளில் நியூகாசில் நோய் என்பார்கள். கோழி இரை எடுக்காமல் இறகைத் தொங்கவிட்டு உறங்கிக்கொண்டே நிற்கும். வெள்ளையும் பச்சையுமாகக் கழியும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும், சிலவற்றுக்குக் கழுத்துத் திருகிக்கொள்ளும். தெருவில் ஒரு வீட்டுக்கு வந்தால் மறுவாரம் நம் வீட்டில் இருக்கும். மாசி, பங்குனியில் அதிகம் பார்க்கிறோம். கால்நடைப் பராமரிப்புத் துறை பெரும்பாலும் பிப்ரவரியில் இலவசத் தடுப்பூசி முகாம் நடத்துவதும் அதனால்தான்.

அட்டவணை இதுதான். ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எஃப் அல்லது லசோட்டா என்ற தடுப்பு மருந்து. நான்காம் வாரம் லசோட்டா குடிநீரில். எட்டாம் வாரம் இறக்கைக்கு அடியில் தோலுக்குக் கீழே அரை மில்லி ஊசி. இந்த மூன்றாவது ஊசியை எட்டு வாரத்துக்குக் குறைந்த குஞ்சுக்குப் போடக்கூடாது, அதன் வீரியமே குஞ்சைச் சாய்த்துவிடும். அதன்பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. குடிநீரில் கொடுக்கும்போது குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் ஆகாது. கிணற்றுத் தண்ணீரில் கொடுங்கள்.

நான் செய்த தவறு: மருந்துக் கடையில் வாங்கிய குப்பியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பஸ்ஸில் ஒன்றரை மணிநேரம் வந்து, சாப்பிட்டு முடித்துச் சாயங்காலம் ஊசி போட்டேன். குப்பியில் இருந்தது உயிருள்ள வைரஸ். 2 முதல் 8 டிகிரியில் இருக்கவேண்டியது, என் சட்டைப்பையிலேயே செத்துப்போயிருந்தது. பங்குனியில் பதினேழு கோழி போயிற்று. ஊசி போட்டும் செத்துவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன், வெட்கமாக இருக்கிறது. இப்போது தூக்குச்சட்டியில் ஐஸ்கட்டி போட்டு எடுத்துவருகிறேன். கலக்கியபின் ஒரு மணிநேரத்துக்குள், நிழலில் நின்று, முடித்துவிடுகிறேன்.

இன்னொரு சிக்கல்: குப்பி நூறு கோழிக்கு, இருநூறு கோழிக்கு என்றுதான் வரும். நம்மிடம் இருப்பது பத்து. ஆகவே தெருவில் எட்டு வீடு சேர்ந்து ஒரே நாளில் போட்டுக்கொள்ளுங்கள். செலவு பகிர்ந்துபோவதைவிடப் பெரிய பயன், நோய்க்கு அந்தத் தெருவில் நுழைய வீடு இல்லாமல் போவது. கோழி விழித்துத் திரிகிற பகலில் எட்டு வீட்டுக் கோழியைப் பிடிக்கமுடியாது. விடியற்காலையில், கூட்டைத் திறப்பதற்கு முன் வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற நோய்கள்?

அம்மை: கொண்டையிலும் கண்ணோரத்திலும் கருப்புக் கொப்புளம். கொசு பரப்பும். ஆறேழு வாரத்தில் தனித் தடுப்பூசி உண்டு. வந்துவிட்டால் கண் மூடிப்போகாமல் துடைத்து, ஊட்டிவிட்டால் பெரும்பாலும் பிழைக்கும்.

இரத்தக் கழிச்சல்: ஈரமான தரையில் வளரும் குஞ்சுகளுக்கு வரும். இது வைரஸ் இல்லை, மருந்து உண்டு. எச்சத்தில் இரத்தம் கண்ட அன்றே மருத்துவரிடம் போகவேண்டும். உமியை மாற்றாமல் மருந்து மட்டும் கொடுத்தால் திரும்ப வரும்.

குடற்புழு: இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருந்து. நன்றாகத் தின்றும் நெஞ்செலும்பு கத்திபோல் துருத்தினால் புழுதான்.

மஞ்சள், சீரகம், கீழாநெல்லி கொடுத்தால் போதாதா?

சளிக்கும் மந்தத்துக்கும் சின்ன வெங்காயம், சீரகம், மஞ்சள் அரைத்து உருண்டையாகக் கொடுக்கிறேன், பலனும் தெரிகிறது. வேப்பிலையும் மஞ்சளும் அம்மைப் புண்ணுக்கு இதம். கழிச்சலுக்கு மட்டும் இதை நம்பித் தடுப்பூசியை விட்டுவிடாதீர்கள். மறுபக்கம், கடையில் கொடுக்கிற ஆன்டிபயாடிக்கைத் தண்ணீரில் மாதக்கணக்கில் கலந்துவிடுவது இன்னும் மோசம். அது நம் தட்டுக்குத்தான் வந்துசேரும். மனிதர்களுக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கிற கொலிஸ்டினை உணவுக்கான கால்நடைகளுக்குக் கொடுக்க இந்திய அரசு 2019-ல் தடை விதித்தது இந்தக் காரணத்தால்தான்.

திடீரென்று முட்டையிடுவதை நிறுத்திவிட்டது.

இறகு உதிர்க்கிறதா பாருங்கள். புது இறகு முளைக்கும்வரை முட்டை வராது. கார்த்திகை, மார்கழியில் பகல் குறுகுவதாலும் குறையும். இரண்டும் இல்லையென்றால் வேலி ஓரப் புதரைத் தேடுங்கள். எங்கள் செங்கோழி 'நிறுத்திவிட்டது' என்று நாங்கள் முடிவுகட்டிய மூன்றாவது வாரம், வாழைச் சருகுக்குள்ளிருந்து ஒன்பது குஞ்சோடு வந்து நின்றது.

அடைக்கு உட்கார்ந்த கோழியைக் கலைப்பது எப்படி?

மூக்கில் இறகு குத்துவதும் தண்ணீரில் முக்குவதும் வேண்டாம், வதை. அடியில் காற்றுப் புகும் கம்பிக்கூண்டில், வைக்கோல் இல்லாமல், மூன்று நான்கு நாள் தீனி தண்ணீரோடு வைத்திருந்தால் தானாகத் தெளியும்.

தன் முட்டையைத் தானே உடைத்துக் குடிக்கிறது, ஒன்றையொன்று கொத்துகிறது.

முட்டைக்கு: சுண்ணாம்புச்சத்து கொடுங்கள், முட்டையை அவ்வப்போது எடுத்துவிடுங்கள், இருட்டான மூலையில் முட்டைக்கூடை வையுங்கள். கொத்துவதற்கு: இடநெருக்கடி, புரதக்குறைவு. இரத்தம் கண்ட கோழியை உடனே பிரிக்காவிட்டால் மற்றவை தின்றே தீர்த்துவிடும்.

நாட்டுக்கோழி முட்டையில் சத்து அதிகமா?

ஓட்டின் நிறம் இனத்தால் வருவது. அதற்கும் சத்துக்கும் தொடர்பில்லை. பழுப்பு முட்டையை வேறு விலைக்கு விற்பது வியாபாரம். மஞ்சள்கரு ஆழ்ந்த நிறமாக இருப்பது கோழி தின்ற பச்சையால். புரதத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் கிடையாது. எடையில் நாமக்கல் வெள்ளை முட்டைதான் பெரியது. எனக்கு நாட்டு முட்டை ருசியாகத் தெரிகிறது. அது நாக்கா மனமா என்று நான் ஆராயவில்லை.

கோழியோடு வேறு என்னவெல்லாம் வளர்க்கலாம்?

*வாத்து.* நோய் குறைவு, சேறு அதிகம். குளம் கட்டாயமில்லை; ஆனால் அலகு முழுவதும் மூழ்குகிற ஆழத்தில் தண்ணீர் வேண்டும், இல்லாவிட்டால் மூக்கிலும் கண்ணிலும் அழுக்கு அடைத்துக்கொள்ளும். நாட்டுவாத்து ஒழுங்காக அடைகாக்காது. கோழிக்கு அடியில் வைத்தால் 28 நாளில் பொரிக்கும். பிறகு அந்தத் தாய்க்கோழியின் பாடுதான் பாவம். குஞ்சுகள் தொட்டியில் இறங்கி மிதக்க, அது கரையைச் சுற்றிச் சுற்றிக் கத்தித் தொண்டை கட்டிவிடும்.

*வான்கோழி.* குஞ்சுக்கு இரை எதுவென்றே தெரியாது. பட்டினி கிடந்தே சாகும். தீனித் தட்டில் வண்ணக் கோலிக்குண்டு போட்டால் அதைக் கொத்தப் போய்த் தீனியைக் கண்டுகொள்ளும். கோழிகளோடு ஒரே கூட்டில் அடைக்காதீர்கள். கோழிக்கு ஒன்றும் செய்யாத ஒரு குடல் ஒட்டுண்ணி வான்கோழியின் ஈரலைத் தின்றுவிடும்.

*கினிக்கோழி.* பாம்பு, புதியவர், பூனை எது வந்தாலும் ஊரைக் கூட்டும். எதுவும் வராவிட்டாலும் கூட்டும்.

*காடை.* ஜப்பானியக் காடை ஐந்து வாரத்தில் விற்பனைக்கு வரும், ஆறேழு வாரத்தில் முட்டையிடும், 17, 18 நாளில் குஞ்சு பொரிக்கும். இடமில்லாதவர்களுக்கு நல்லது. வயலில் திரியும் காட்டுக் காடையையும் கவுதாரியையும் பிடித்து வளர்ப்பது 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காட்டு முயலுக்கும் அப்படியே.

*முயல்.* வெயில்தான் எமன். கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய அரசின் ஆராய்ச்சி மையம் இறைச்சி முயல் இனங்களை வளர்க்கிறது. அந்தக் குளிரில் நன்றாக வருவது திண்டுக்கல் வெயிலில் அப்படி வராது. 35 டிகிரியைத் தாண்டினால் ஆண் முயல் இனப்பெருக்கத்துக்கு ஆகாமல் போய்விடும். நான் ஒரு சித்திரையில் மூன்றை இழந்ததோடு நிறுத்திக்கொண்டேன். வளர்க்கிறவர்கள் நினைவில் வைக்கவேண்டியவை: காதைப் பிடித்துத் தூக்கக்கூடாது, சினைக்காலம் ஏறத்தாழ 31 நாள், தன் புழுக்கையைத் தானே தின்பது நோய் அல்ல, அதன் செரிமான முறை.

*வெள்ளாடு.* ஒற்றை ஆடு வாங்காதீர்கள், துணையில்லாமல் கத்திக்கொண்டே இருக்கும். தென் மாவட்டங்களுக்குக் கன்னி, கொடி. சேலம், தருமபுரிப் பக்கம் சேலம் கருப்பு. சினை ஐந்து மாதம். அகத்தி, கிளுவை, வேலிமசால் என்று தழை வேலியிலேயே இருந்தால் தீவனச் செலவு பாதி. ஆட்டுக்கொல்லி நோய்க்கும், மழைக்குப் பின் இளம்புல் மேய்ந்து வரும் துள்ளுமாரிக்கும் தடுப்பூசி கட்டாயம்.

இதை நம்பி வேலையை விடலாமா?

விடவேண்டாம். பத்துக் கோழி வீட்டு முட்டைச் செலவையும், தீபாவளிக் கறியையும், பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில் நோட்டுப் புத்தகத்தையும் பார்த்துக்கொள்ளும். சம்பளத்தைத் தராது.

'குஞ்சும் தீவனமும் நாங்கள் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள், மாதாமாதம் பணம் வரும், வளர்ந்ததை நாங்களே வாங்கிக்கொள்கிறோம்' என்று யாராவது வந்தால் 2012-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். ஈரோடு மாவட்டம் பெருந்துறைப் பக்கம் ஈமு வளர்ப்புத் திட்டங்கள் சரிந்த ஆண்டு அது. பணம் கட்டியவர்கள் காவல் நிலைய வாசலிலும், தீனியில்லாத ஈமுக்கள் பட்டியிலும் நின்றன. விற்க ஊரில் ஆள் இல்லாத பிராணியை வளர்க்கக்கூடாது.

பக்கத்து வீட்டில் சண்டைக்கு வருகிறார்கள்.

நியாயம் பெரும்பாலும் அவர்கள் பக்கம். நம் கோழி அவர்களுடைய கீரைப்பாத்தியைக் கிளறியிருக்கும். வேலி போடுங்கள்; ஒரு பக்க இறக்கையின் நீள இறகுகளை மட்டும் நறுக்கிவிட்டால் வேலி தாண்டாது, வலிக்கவும் செய்யாது. எச்சத்தை வாரம் ஒருமுறை வாரி மக்கவைத்து அவர்களுக்கே ஒரு மூட்டை கொடுங்கள். நகரத்தில் வளர்ப்பதானால் உள்ளாட்சி அலுவலகத்தில் முதலில் கேட்டுவிடுங்கள்.

பறவைக் காய்ச்சல் செய்தி வந்தால் எல்லாவற்றையும் விற்றுவிடவேண்டுமா?

அவசரப்பட்டு விற்பதுதான் நோயைப் பரப்பும். இந்தியாவில் முதலில் 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குப் பிறகு பல மாநிலங்களில் வந்து போயிருக்கிறது. நம் கோழிகளோ ஊர்க் காகங்களோ காரணமின்றிக் கூட்டமாகச் செத்தால் தொடாமல், அறுத்துச் சாப்பிடாமல், கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். எப்போதுமே கூட்டைச் சுத்தம் செய்தபின் சோப்புப் போட்டுக் கைகழுவுங்கள். குஞ்சை முத்தமிடுகிற குழந்தைகளிடம் கொஞ்சம் கண்டிப்பு வேண்டும். எச்சத்தில் வயிற்றுப்போக்குக் கிருமிகள் உண்டு. நன்றாக வேகவைத்த முட்டையாலும் கறியாலும் பயமில்லை.

மருத்துவரை எப்படி அழைப்பது?

ஊர்க் கால்நடை மருந்தகம்தான் முதல் இடம். ஆடு மாடுக்கு அவசரமென்றால் 1962 என்ற எண். தனிக் கோழிக்கு மருத்துவர் வீடு தேடி வரமாட்டார். கோழியைப் பையில் போட்டு நாம்தான் போகவேண்டும். செத்துவிட்டால், அன்றே செத்த உடலை ஐஸில் வைத்துக் கொண்டுபோனால் அறுத்துப் பார்த்துக் காரணம் சொல்வார்கள். மீதியிருப்பவற்றுக்கு அது உதவும்.

பெயர் வைத்து வளர்த்ததை அறுக்க மனம் வரவில்லையே?

எங்கள் வீட்டில் பெயர் வைத்தவை மூன்று. அவை முதுமையில் முட்டையில்லாமல் தின்றுகொண்டிருக்கின்றன. மற்றவற்றுக்குப் பெயர் வைக்கப் பேத்திக்கு அனுமதியில்லை. இதற்கு மேல் நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

நான்கு நாள் வெளியூர் போகவேண்டியிருந்தால்?

முட்டை முழுவதும் உங்களுக்கு என்று சொல்லிப் பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுங்கள். தண்ணீர்த் தொட்டி எங்கே, தீனி டிரம் எங்கே என்று காட்டுவதோடு நில்லாமல், எத்தனை கோழி என்ற எண்ணிக்கையைச் சுண்ணாம்புக்கட்டியால் கூட்டுக் கதவிலேயே எழுதிவைத்துவிடுங்கள். மாலையில் அவர் எண்ணிப் பார்த்துத்தான் தாழ்ப்பாள் போடவேண்டும். ஒன்று குறைந்தால் இருட்டுவதற்குள் தேட நேரம் இருக்கும்.